கொண்டல் இசைத்தட்டும் கோயில் மணியும்

போன மாதம் மூன்று பேர் சாவகச்சேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வைத்தியசாலையின் காது பரிசோதனை அறையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி பையிலிருந்து ஒரு பெரிய கறுப்பு இசைத்தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். உறையின் பின்பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மிஸ், 'ஒலிப்பதிவு: திலகவதி' எண்டு போட்டிருக்கு. இது நீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம், நான்தான்."

"காது பாக்கிற மிஸ்ஸுக்கு றொக் பாட்டோடை என்ன அலுவல்?"

அன்றைக்குத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லி அனுப்பினேன். முழுவதையும், என் வேலைக்காலத்தில் எது பெரிய நாள் என்பதையும் எழுதித் தரச்சொல்லிப் பிறகு தொலைபேசியில் கேட்டார்கள். அதுதான் இது.

நான் வேலை பழகியது கொழும்பில், ஒரு வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகம் படித்திருந்ததால் எடுத்தார்கள். முதல் ஆறு மாதம் ரேப் என்று நாங்கள் சொல்லும் ஒலிநாடாவைச் சுற்றினேன், பெட்டிகளுக்கு இலக்கம் எழுதினேன், தேநீர் குடித்தேன். பிறகு இராசநாயகம் சேரிடம் விட்டார்கள். மெலிந்த மனிதர். எல்லாருக்கும் முதல் வந்து, குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, தன் கையாலேயே மெஷினைத் துடைப்பார். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பதிவுத் தலையை ஒரே திசையில் மூன்று தரம். பஞ்சில் மண்ணிறம் தெரிந்தால் இன்னும் மூன்று தரம். ஈரம் காயும் வரைக்கும் ரேப்பைக் கொழுவ விடமாட்டார்.

அவர் யாரையும் பார்த்து "பிழை" என்று சொன்னதை நான் கேட்டதில்லை. நீங்கள் செய்த வேலையில் ஏதாவது இருந்தால் ஒரு கதிரையை இழுத்து வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "இன்னொருக்கா கேப்பம், பிள்ளை" என்பார். அவ்வளவுதான். நீங்களே கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த ஒரு வசனம்தான்.

ஒரு நாள் ஒரு பேச்சைச் சுருக்கி வெட்டி ஒட்டியிருந்தேன். எனக்கு நல்ல பெருமை. ஒட்டு எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. சேர் கதிரையை இழுத்தார். ஆறு தரம் கேட்டோம். எனக்கு அழுகை வரப்பார்த்தது. ஏழாம் தரம்தான் பிடிபட்டது. "பேசிறவரின்ரை மூச்சைக் காணேல்லை சேர்" என்றேன்.

"மனிசர் மூச்சு விடாமல் கதைக்கிறேல்லை. எடுத்த மூச்சைத் திருப்பி ஒட்டும்."

நிலத்தில் கிடந்த ரேப் துண்டுகளுக்குள் அரை விரல் நீளமான அந்த மூச்சைத் தேடி எடுத்து, சவர அலகால் சரிவாக வெட்டி, திரும்ப ஒட்டினேன். இன்றைக்கும் யாராவது பேசினால் எனக்கு முதலில் கேட்பது மூச்சு.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். கொழும்புக்குத் திரும்புகிற எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் செல்லையா அண்ணை சின்ன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று வைத்திருந்தார். பக்திப்பாடல், நாடகம், கலியாண வாழ்த்து எல்லாம் பதிந்து கசற்றாக விற்பார். ரேப் வெட்டத் தெரிந்த பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தானே வீட்டுக்கு வந்து கேட்டார். எனக்கு அப்போது கலியாணமாகி ஆறு மாதம். என் கணவர், "போறதெண்டால் போம். நான் பின்னேரம் சைக்கிளிலை வந்து கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். போனேன்.

அங்கேதான் கொண்டல் என்ற இசைக்குழு வந்தது. நாலு பெடியங்கள். தோள்வரை தலைமயிர். கிற்றார் வாசிக்கும் றெஜி மட்டும் பட்டினத்துக்காரன். ட்றம்ஸ் நேசனும், பேஸ் கிற்றார் வாசித்த இன்னொருவரும் சாவகச்சேரிப் பக்கம். பாடகன் பாஸ்கரன் கொடிகாமத்தில் இருந்து வருவான். வீட்டில் மரக்கறி வியாபாரம். முதல் நாள் படியேறி வந்து, "அக்கா, எங்கடை பாட்டு கொஞ்சம் சத்தமானது. பயப்பிடமாட்டியளோ?" என்றான். நான் பாட்டுக்குப் பயப்படவில்லை. அந்தக் குரல்தான் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது. இருபத்தொரு வயசுப் பெடியனுக்கு நாற்பது வயசு மனிதனின் குரல். தொண்டைக்குள் கொஞ்சம் ஆற்றுமணல் கிடப்பது மாதிரி. அவன் கதைத்தால் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை அதிரும்.

அவர்களுடைய பாட்டும் அப்படித்தான். அடியில் கிற்றார் இரும்பு அறுக்கும். அதற்கு மேலே பாஸ்கரன் பாடும் மெட்டு ஒரு தரம் கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். வார்த்தைகள் எல்லாம் தமிழ். உப்பளத்தைப் பற்றி ஒரு பாட்டு, நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு பாட்டு. எட்டுப் பாட்டுச் சேர்த்து 'திறந்த வெளி' என்று ஒரு தொகுப்பு போட வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

மேல்மாடியில் அதைப் பதிய முடியாது. ட்றம்ஸ் இரண்டு அடி அடித்ததும் கீழே துணிக்கடைக்காரர் ஏறி வந்துவிட்டார். நேசன் தன் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தை ஒரு நாளைக்குக் கேட்டு எடுத்தான். மெஷினைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து வான் வண்டியில் கொண்டு போனோம். அந்தக் கிழமை முழுக்க அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் இருந்து ஒரு ஜெனரேற்றரைப் பிடித்து, சத்தம் கேட்காதபடி தூரத்தில் பனங்கூடலுக்குள் வைத்து, நீட்டு வயர் இழுத்தோம்.

நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். தலையைத் துடைத்தேன். வெறும் மண்டபத்தைப் பத்து நிமிடம் இருந்து கேட்டேன். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டினேன். இரண்டே இரண்டு தடத்தில், நாலு பேரும் ஒன்றாக வாசிக்க, நேரடியாகப் பதிவு. வோல்ற் மீற்றரைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்தேன். ஸ்ரெபிலைசர் இருந்ததால் முள் அசையவில்லை. மீற்றர் சரியாக இருந்தால் மின்சாரம் சரி என்று நினைத்தேன். அந்த நினைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். ஐந்தாவது பாட்டு 'உப்பளம்'. அதன் கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கி பாஸ்கரனின் குரல் மட்டும் நிற்கும். அந்த இடத்தில், பக்கத்துப் பிள்ளையார் கோயிலின் மத்தியானப் பூசை மணி அடிக்கத் தொடங்கியது. சாக்குக் கட்டிய யன்னலைத் தாண்டி அந்தக் காண்டாமணி உள்ளே வந்தது. பாஸ்கரன் கண்ணைத் திறக்கவும் இல்லை. மணியோடு சேர்த்துப் பாடி முடித்தான். முடிந்ததும், "அக்கா, இன்னொருக்கா போவமே?" என்று கேட்டான்.

"வேண்டாம். இதைவிட நல்லாய் நீர் பாடமாட்டீர்" என்றேன்.

பின்னேரம் நாலு மணிக்கு எட்டுப் பாட்டையும் அங்கேயே போட்டுக் கேட்டோம். மண்டபம் நிறைந்தது. நேசன் ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்து எழும்பி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பகிடிக்குத்தான். ஆனால் கண் நனைந்திருந்தது.

ரேப்பைக் கசற்றாக அடிக்கக் கொழும்புக்குக் கொண்டு போக வேண்டும். நான் கூடப் போயிருக்க வேண்டியவள். என் மூத்தவள் வயிற்றில் ஏழு மாதம். பயணம் வேண்டாம் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். செல்லையா அண்ணை தனியே போனார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கசற் கடைகளுக்கு வந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போட்டுக் கேட்டேன்.

பாஸ்கரனின் குரலைக் காணவில்லை. அந்த இடத்தில் மீசை முளைக்காத ஒரு பெடியன் அவசரம் அவசரமாகப் பாடிக்கொண்டிருந்தான். கிற்றார் தகரம் மாதிரிக் கேட்டது. ட்றம்ஸ் பிஸ்கற் ரின்னில் தட்டுவது மாதிரி.

கசற் அடித்த இடத்தில்தான் வேகம் பிழைத்துவிட்டது என்று செல்லையா அண்ணையிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்து இல்லை என்றார். "ரேப்பிலை இருந்ததுதான் பிள்ளை கசற்றிலையும் இருக்கு. நான் பக்கத்திலை நிண்டனான்." நான் நம்பவில்லை. சில மாதத்தில் அவரும் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். ரேப்பும் அவரோடு போய்விட்டது. கசற்றை வாங்கியவர்கள் சிரித்தார்கள். ஒரு கடையில் பாஸ்கரனை 'பாலர் வகுப்பு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கொண்டல் அதோடு கலைந்தது. றெஜியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள்.

கொஞ்ச நாளுக்குப் பிறகு பாஸ்கரனை பஸ்ஸில் கண்டேன். தலைமயிரை வெட்டியிருந்தான். மடியில் ஒரு சாக்கு.

"பாஸ்கரன், அது கசற் அடிச்ச ஆக்களின்ரை பிழை. உம்மடை குரல் எனக்குத் தெரியும்."

"இல்லை அக்கா. எங்கடை குரல் எங்களுக்குத் தெரியிறேல்லை. கேக்கிற ஆக்களுக்குத்தானே தெரியும். நீங்கள் மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறியள்."

கொடிகாமத்தில் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் ஒரு கலியாண வீட்டில்கூடப் பாடியதாக நான் கேள்விப்படவில்லை.

என் கதையும் வேறு பக்கம் திரும்பியது. இடப்பெயர்வுகள், இரண்டு பிள்ளைகள், பதிவுக்கூடம் இருந்த கட்டடமே இல்லை. வைத்தியசாலையில் காது பரிசோதிக்கும் மெஷின் ஒன்று வந்து, இயக்க ஆள் இல்லாமல் பெட்டியோடு கிடந்தது. விண்ணப்பித்தேன். பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த அறையில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன்.

அங்கே வந்தவர்களில் நான் மறக்காத ஒரு அம்மா உண்டு. தென்மராட்சிக் கமக்காரக் குடும்பம். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னேன். ஒரு தரமும் விடாமல் அமத்தினார். அபாரமான காது என்று நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து, சத்தமே கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அப்போதும் அமத்தினார்.

"அம்மா, ஒண்டும் கேக்காமல் ஏன் அமத்தினனீங்கள்?"

"நீ பாவம் பிள்ளை, ஆவலாய்ப் பாத்துக்கொண்டு இருந்தனீ. அதுதான்."

சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஒன்றைப் படித்தேன். உங்களைத் திருப்திப்படுத்த நினைக்கிற சாட்சியை நம்பி முடிவெழுதக்கூடாது. பிற்காலத்தில் அது என் சொந்தக் காதுக்கும் பொருந்தியது.

ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் சுவிற்சர்லாந்தில் இருந்து நிரூபன் என்பவர் தொலைபேசி எடுத்தார். அங்கேயே பிறந்த நாற்பது வயசுப் பிள்ளை. கவனிப்பார் இல்லாமல் போன குழுக்களின் பழைய தொகுப்புகளை இசைத்தட்டாகத் திரும்ப வெளியிடும் ஒரு சின்னக் கொம்பனி நடத்துகிறார். செல்லையா அண்ணை காலமான பிறகு, அவருடைய மகள் தகப்பனின் சூட்கேசுக்குள் ஒரு ரேப்பைக் கண்டெடுத்திருக்கிறாள். ரேப்பின் முனையில் என் கையெழுத்தில் 'கொண்டல்' என்று இருந்ததாம். நான் குறிப்பு எழுதிவைத்த பெட்டி இல்லை.

"அன்ரி, இதை நாங்கள் திரும்ப வெளியிடப் போறம்."

"உடனே ஓடவிடாதையுங்கோ தம்பி. அந்தக் காலத்து ரேப் பிசின் விட்டிருக்கும். தலையிலை ஒட்டினால் பாட்டு உரிஞ்சு வந்திடும். மெல்லிய சூட்டிலை வைச்சு ஈரம் எடுங்கோ, பிறகு போடுங்கோ."

"அது எங்கடை பொறியியலாளருக்குத் தெரியும் அன்ரி. ஆனால் நீங்கள் சொன்னது சந்தோசம்."

மூன்று கிழமையில் பதிவை அனுப்பினார். மகள் வாங்கித் தந்த நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். சுத்தமான ஒலி. ஆனால் அதே பெடியன் பாடினான். அதே தகரம், அதே பிஸ்கற் ரின். கசற் அடித்தவர்கள் மேல் இத்தனை வருடம் பழி போட்டிருந்தேன். செல்லையா அண்ணை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

'உப்பளம்' முடிந்து பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. கசற்றில் வெட்டப்பட்டிருந்த துண்டு. "அக்கா, இன்னொருக்கா போவமே?" பதினாலு வயசுப் பிள்ளையின் குரலில். பாஸ்கரன் ஒருநாளும் அந்தக் குரலில் என்னோடு கதைத்ததில்லை.

நிரூபனிடம் சொன்னேன். வேகம் கூட, குரல் மேலே போயிருக்கிறது என்று. அவர் தன் பொறியியலாளரிடம் கேட்டுவிட்டு மரியாதையாக மறுத்தார்.

"அன்ரி, பதிவுக்குள்ளை மின்சாரத்தின்ரை மெல்லிய இரைச்சல் ஒண்டு இருக்கு. இலங்கையிலை மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது தரம் துடிக்கும். ரேப்பிலை கேக்கிற இரைச்சலும் சரியாய் ஐம்பது. வேகம் பிழையெண்டால் அது ஐம்பதிலை நிக்காது. அதாலை வேகம் சரி."

"றெஜி கிற்றாரை என்ன சுருதியிலை கூட்டினவன் எண்டு கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டனாங்கள். கனடாவிலை இருக்கிறார். காதாலை கூட்டினது, பாஸ்கரனுக்கு ஏத்தமாதிரி ஏத்தி இறக்கினது எண்டு சொல்லுறார்."

அதுவும் உண்மை. றெஜி சுருதிக்குழலைத் தொட்டதே இல்லை. நேசன் காலமாகிவிட்டார், பேஸ் வாசித்தவரோடு தொடர்பு இல்லை, பாஸ்கரனிடம் இந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வயசுக்கு என் காதிலும் குறை உண்டு. நான் அந்தப் பொத்தானை அமத்திய அம்மா மாதிரி ஆகிவிட்டேனோ? பாஸ்கரன் நன்றாகப் பாடினான் என்று நம்ப ஆசைப்பட்டு, இல்லாததைக் கேட்கிறேனோ?

நாலாம் நாள் காலை ஒரு கடதாசியை எடுத்தேன். மெஷின் ஏதாவது குழப்பம் செய்தால் இராசநாயகம் சேர் எங்களைக் கீறச் சொல்வார். மின்சாரம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஒரு கோடு. ஜெனரேற்றரைக் கீறினேன். அதிலிருந்து ஒரு கோடு கிற்றார் அம்பிளிபயருக்கு. இரைச்சல் அங்கிருந்து வந்தது. இன்னொரு கோடு ஸ்ரெபிலைசருக்கு, அங்கிருந்து ரேப் மெஷினுக்கு. பேனை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த மெஷினின் மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்துச் சுழலும் வகை. துடிப்புக் குறைந்தால் அதுவும் மெதுவாகும். ஸ்ரெபிலைசர் வோல்ற்றைத்தான் பிடித்து வைக்கும், துடிப்பை அல்ல. பாரம் தாங்காமல் ஜெனரேற்றர் ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால், ரேப் மெதுவாக ஓடியிருக்கும். இரைச்சலும் அதே அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த ரேப்பைச் சரியான மின்சாரத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்றாக மேலேறி, இரைச்சல் அழகாக ஐம்பதில் வந்து நிற்கும். பாட்டும் கூடவே ஏறிவிடும். அன்றைக்கு மண்டபத்தில் போட்டுக் கேட்டபோது ஏன் சரியாக இருந்தது என்பதும் விளங்கியது. அதே ஜெனரேற்றரில்தான் போட்டுக் கேட்டோம். இரைச்சலும் மோட்டாரும் ஒரே வீட்டில் இருந்து வந்த இரண்டு சாட்சிகள். பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன.

வோல்ற் மீற்றரைப் பார்த்தேனே தவிர, துடிப்பை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிழை கொழும்பிலும் இல்லை, செல்லையா அண்ணையிலும் இல்லை. என்னில். கொஞ்ச நேரம் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெட்கமாக இருந்தது. அதே நேரம் எழும்பி ஓட வேண்டும் போலவும் இருந்தது. ஏனென்றால் பாஸ்கரனின் குரல் அந்த ரேப்புக்குள் பத்திரமாக இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இனித் தேவை வேறு சாட்சி ஒன்று. மின்சாரத்தோடு உறவே இல்லாத, என்னைச் சந்தோசப்படுத்த வேண்டிய தேவையும் இல்லாத ஒன்று. திரும்பவும் பதிவைப் போட்டேன். ஐந்தாவது பாட்டின் முடிவில் மணி அடித்தது.

முச்சக்கர வண்டி பிடித்து அந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. கோயில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. மண்டபத்தில் மேளமும் மணியும் தானாக அடிக்கும் மின்சார மெஷின் நின்றது. பழைய மணி போய்விட்டதோ? ஐயரிடம் போனேன்.

"ஐயா, முந்தி ஒரு காண்டாமணி இருந்தது..."

"ஏன் இல்லை? அங்கை, புது மணிக்கோபுரத்திலை தூக்கியிருக்கு. மணி அதே மணிதான். சண்டையிலை பழைய கோபுரம் விழேக்கையும் அதுக்கு ஒரு கீறல் விழேல்லை. மெஷின் வந்தாப் பிறகு ஆரும் கயிறு இழுக்கிறேல்லை."

"இண்டைக்கு ஒருக்கா இழுப்பிக்க ஏலுமோ? இந்த மணி எங்கடை பாட்டொண்டிலை இருக்கு. அதுக்கு இது சாட்சி சொல்ல வேணும்."

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பாட்டு? தேவாரமோ?"

"இல்லை ஐயா. றொக்."

அவர் "பிள்ளையாருக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு மெஷினின் சுவிச்சை நிற்பாட்டினார். சால்வையை இடுப்பில் கட்டி, தானே கயிற்றைப் பிடித்தார். நான் கைத்தொலைபேசியைப் பதிவில் போட்டு நீட்டிக்கொண்டு நின்றேன். அது தன் பற்றரியில், தன் கணக்கில் ஓடுவது. எந்த ஜெனரேற்றருக்கும் கட்டுப்பட்டதல்ல. முதல் அடி விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரேப்பில் கேட்ட மணியைவிட இது தாழ்வு. நன்றாகத் தாழ்வு. கோயிலுக்குள் நின்று நான் சிரித்ததைப் பார்த்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிவை நிரூபனுக்கு அனுப்பி, நான் கீறிய கடதாசியையும் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த நாள் அவரே அழைத்தார். 

"அன்ரி, மணி ரேப்பிலை ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் மேலை நிக்குது. ஐம்பது எண்டு நாங்கள் நம்பினது நாப்பத்தைஞ்சு. எங்கடை பொறியியலாளர் உங்கடை கடதாசியை அச்சடிச்சுச் சுவரிலை ஒட்டியிருக்கிறார்."

"பாட்டை இறக்கிப் பாத்தனீங்களோ?"

"பாத்தம். அன்ரி, இது வேறை ஒரு குழு."

இசைத்தட்டு இந்த வருடம் வெளிவந்தது. முதல் பதிப்பு முடிந்து இரண்டாவது அடித்தார்கள். தமிழ் ஒரு சொல் விளங்காதவர்கள் எல்லாம் அந்தக் குரலைப் பற்றி எழுதியதை நிரூபன் மொழிபெயர்த்து அனுப்புவார். றெஜி கனடாவில் இருந்து அழைத்து, "அக்கா, என்ரை கிற்றார் இவ்வளவு பாரமோ? எனக்கே தெரியாமல் போச்சே!" என்று கத்தினான். கடைசி முறை அவன் அப்படிக் கத்தியது இருபது வயசில். உறையில் என் பெயரோடு கோயில் மணியின் பெயரையும் போட வேண்டும் என்று நிரூபன் அடம்பிடித்தார். ஐயருக்கு ஒரு தட்டு அனுப்பினார். அதைப் போட்டுக் கேட்க அவரிடம் எதுவும் இல்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கு எல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம்.

இதெல்லாம் பிறகு வந்தவை. பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் இருபத்து மூன்று வருட வேலையில் எது பெரிய நாள் என்று கேட்டீர்கள். அது வைத்தியசாலையில் நடக்கவில்லை. தட்டு வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், கொடிகாமச் சந்தையில் நடந்தது.

சரிசெய்த பதிவை நிரூபன் எனக்கு அனுப்பிய அன்றைக்கு நான் அதைத் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பாஸ்கரனின் மொத்த வியாபாரக் கடையில் பத்து மணிக்கு லொறிக்குச் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. தலை முழுக்க நரை. மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் அவருடைய மனைவி சுகந்தி மிளகாயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! வாங்கோ, இருங்கோ. என்ன இந்த நேரம்?"

அந்தப் பேச்சுக்குரல் எனக்குப் போதுமாக இருந்தது. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "பாஸ்கரன், அந்த ரேப்பிலை வேகம் பிழைச்சது என்னாலை. ஜெனரேற்றரின்ரை துடிப்பை நான் அளக்கேல்லை. உம்மடை குரலிலை ஒரு பிழையும் இருக்கேல்லை. இவ்வளவு காலமும் நீர் வேறை ஆரின்ரையோ குரலைக் கேட்டு வெக்கப்பட்டிருக்கிறீர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, அதை இப்ப விடுங்கோவன். வெங்காயம் ஏத்தோணும்."

"ஒரு பாட்டுக் கேளும்."

ஸ்பீக்கரைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து 'உப்பளம்' போட்டேன். நானும் அப்போதுதான் முதல் தரம் கேட்கிறேன். நேசனின் அடி நிலத்தில் இருந்து வந்தது. றெஜியின் கிற்றார் கடையின் தகரக் கூரையைத் தொட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. தொண்டைக்குள் ஆற்றுமணலோடு, ஆறுதலாக, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எடுத்த மூச்சோடு.

சுகந்தி மிளகாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆரப்பா உது பாடுறது?" என்று கேட்டார்.

பாஸ்கரனின் கை தராசின் தட்டைப் பிடித்திருந்தது.

"உங்களைத்தான் கேக்கிறன். ஆர்?"

"நான்தான்" என்றார்.

சுகந்தி அவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதரைப் புதிதாகப் பார்க்கிற பார்வை. "ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார். கோபமா, சந்தோசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்தது. சாமான் ஏற்றுகிறவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். வெளியே லொறிக்காரர் கோர்ன் அடித்தார்.

"லொறி நிக்குது" என்றார் சுகந்தி.

"நிக்கட்டும்." பாஸ்கரன் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் இருந்தார். "அக்கா, அடுத்ததைப் போடுங்கோ."

போட்டேன். நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டவனின் பாட்டு. முதல் சரணம் முழுக்கத் தலை குனிந்து கேட்டார். பல்லவி திரும்பி வந்தபோது உதடு அசைந்தது. இரண்டாம் தரம் வந்தபோது, அறுபது தாண்டிய அந்த மனிதர் வாயைத் திறந்து பாடினார். என் காது ஒரு மயிரிழைகூட வித்தியாசம் காணவில்லை. ஸ்பீக்கரில் பாடியவனும் சாக்கின் மேல் இருந்து பாடியவரும் ஒரே சுருதியில் நின்றார்கள். சந்தைக்குள் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். லொறிக்காரர் இறங்கி உள்ளே வந்து, எதற்கு வந்தார் என்பதை மறந்து, தூணில் சாய்ந்துகொண்டு கேட்டார்.